இரட்டைச் சிலிண்டர் வண்டிகளும் தோட்டத்துப் பாதையும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிளின் ஓசை ஒரு காலத்தில் அதிகாரத்தின் ஓசையாகவே இருந்தது. இறப்பர் மரத்தில் பால் வெட்டுவோரும் தேயிலை மலையில் கொழுந்து பறிப்போரும், துரையின் வண்டி எந்த வளைவில் ஏறுகிறது என்பதை அவ்வோசை கொண்டே அறிந்துகொள்வர். அந்த ஓசை பிரித்தானிய எஞ்சினுடையது.

பிரித்தானிய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கு வழிகாட்டியது எட்வர்ட் டர்னர் வகுத்த ‘டிரையம்ப் ஸ்பீட் ட்வின்’. அது 1937இல் விற்பனைக்கு வந்தது. போருக்குப் பின் பி.எஸ்.ஏ., நோர்ட்டன் ஆகியவையும் அந்நெறியையே மேற்கொண்டன. இவ்வகையில் இரு பிஸ்டன்களும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கும். எரிபொருளோ சுற்றுக்கு ஒரு சிலிண்டராக மாறிமாறிப் பற்றும். ஆதலின் விசை சீராகக் கிடைக்கும். ஆயினும் இரண்டின் பாரமும் ஒரே திசையில் அசைவதால், வேகம் மிகுந்தால் நடுக்கமும் மிகும்.

ஜப்பானியரோ வேறு வழி கண்டனர். 1965இல் வந்த ஹொண்டா 450 வண்டியில் ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்கும். அதன் கொள்ளளவு 444 கன சென்ரிமீற்றர். நிமிடத்துக்கு 8,500 சுற்றில் 43 குதிரைவலு தந்தது. 1959இல் வந்த டிரையம்ப் போனவில் 649 கன சென்ரிமீற்றர் கொண்டு, 6,500 சுற்றில் 46 குதிரைவலு தந்தது. சிறிய எஞ்சின் விரைந்து சுழன்று பெரியதை நெருங்கியது என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் மலைப்பாதைக்கு ஏற்றது எது? இரக்குவானைச் சரிவிலோ தெரணியகலை வளைவிலோ மெதுவாக ஏறும்போது, குறைந்த சுற்றிலேயே இழுவை தரும் பிரித்தானிய எஞ்சினே இனிது. ஆனால் அதன் கீழ்ப்பகுதியான சுழல்தண்டுக் கூடு நெடுக்காகப் பிளந்து பொருத்தப்பட்டது; பொருத்துவாய் அடிவரை செல்வதால் எண்ணெய் கசியும். ஜப்பானியர் கூட்டைக் கிடையாகப் பிளந்து, பொருத்துவாயை எண்ணெய் மட்டத்துக்கு மேலே அமைத்தனர், கசிவு அருகியது. மின்விசையால் எஞ்சினை முடுக்கும் வசதியையும் ஹொண்டா 450 தொடக்கத்திலேயே பெற்றிருந்தது. போனவில் வரிசைக்கு அவ்வசதி வாய்த்தது 1980இல்தான்.

ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் இது சிறு வேறுபாடன்று. பிள்ளைப்பேற்று வேதனையில் ஒரு பெண் துடிக்க, நள்ளிரவில் மருத்துவச்சியை அழைத்துவரப் புறப்படுபவனுக்கு, வண்டி எவ்வளவு வேகம் செல்லும் என்பதைவிட, முதல் உதையிலேயே உயிர்பெறுமா என்பதே கேள்வி.

பிரித்தானிய வண்டி தன்னை நாள்தோறும் பேணும் கையை வேண்டிநின்றது. ஜப்பானியர் அப்பேணுதலின் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலேயே செய்து முடித்தனர். பழைய அச்சை விடாது பற்றிநின்ற டிரையம்ப் நிறுவனத்தின் மெரிடன் ஆலை 1983இல் மூடப்பட்டது. இலங்கையிலோ 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபின் ஜப்பானியச் சிறு வண்டிகள் பெருகின. பங்களாவும் பணியாளும் உடையோர்க்கே இயன்ற வாகனம், காலப்போக்கில் லயத்து வாசலிலும் வந்து நின்றது. மலையேறும் எஞ்சின் ஓசை இன்று துரையின் வருகையை மட்டும் அறிவிப்பதில்லை; வேலை முடிந்து வீடு திரும்பும் மகனின் வருகையையும் அறிவிக்கிறது.