தோட்டத்துக்கு நாய் தேடுகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

பிறந்து சில மாதமே ஆன குட்டி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு வாத்துக் கூட்டத்தையே வளைத்து மூலைக்கு ஓட்டிக்கொண்டு போகும், தெரியுமா? குரைக்காது, கடிக்காது. தலையைத் தாழ்த்தி, வயிறு தரையில் உரசப் பதுங்கி, ஒரே பார்வை! இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவிலுள்ள குன்றுகளில் உருவான பார்டர் கோலி ஆட்டு நாய்களின் பரம்பரைக் குணம் இது. ஓநாய் இரை பிடிக்கச் செய்யும் அத்தனையும் இதற்குள்ளும் இருக்கிறது: தேடுவது, உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது. பாய்ந்து கொல்லும் கடைசிக் கட்டம் மட்டும் அடங்கிக் கிடக்கிறது. ஆட்டைக் காயப்படுத்திய நாயை ஒதுக்கி, அடக்கி ஓட்டிய நாயிடமே குட்டி எடுத்து எடுத்து, மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது!

இன்றைய பார்டர் கோலிகளில் ஏறக்குறைய எல்லாமே ஒரே நாயின் வாரிசுகள் என்றால் நம்புவீர்களா? 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’தான் அந்த மூதாதை. தகப்பன் ராய் எல்லோரிடமும் சகஜமாகப் பழகும், வேலையில் சுமார். தாய் மெக் கூச்ச சுபாவம், ஆனால் பார்வையாலேயே ஆட்டை நிறுத்திவிடும். தாயின் பார்வையும் தகப்பனின் நிதானமும் ஒரே குட்டியில் சேர்ந்தன. அக்கம்பக்கத்து மேய்ப்பர்கள் எல்லாம் தங்கள் பெட்டை நாய்களோடு ஹெம்ப்பைத் தேடி வந்தார்கள். ஹெம்ப்பின் நிறத்தையோ காதையோ பார்த்து அவர்கள் வரவில்லை. ஆட்டுக்கு முன்னால் நின்ற விதத்தைப் பார்த்து வந்தார்கள்!

1906இல் தொடங்கிய சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கத்தில் இன்றும் அதே நியாயம்தான். பெற்றோர் பெயர் பதிவில் இல்லாத நாய்கூட, வேலையைச் செய்து காட்டினால் பதிவேட்டில் ஏறிவிடலாம்! இந்த வம்சத்தின் மூளையும் சும்மா இருக்காது. அமெரிக்காவில் சேஸர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் தேடி எடுத்து வந்தது. அதனால்தான் எச்சரிக்கிறேன்: ஆடே இல்லாத வீட்டில் பார்டர் கோலியைச் சும்மா வைத்திருந்தால், ஓடும் குழந்தைகளையும் சைக்கிளையும் ஓட்டத் தொடங்கிவிடும். அது சேட்டையல்ல, வேலை கிடைக்காத வேலைக்காரனின் தவிப்பு.

ஆட்டு நாய் என்றால் ஆட்டை ஓட்டும் நாய் மட்டும்தானா? இல்லை! ஆட்டை ஓட்டவே ஓட்டாத, ஆட்டோடு ஆடாகக் கிடக்கும் காவல் நாய் வேறு வம்சம். நமீபியாவில் சிவிங்கிப்புலி (சீட்டா) காப்பு நிதியம் 1994 முதல் துருக்கி வழிவந்த பெரிய காவல் நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்துவருகிறது. குட்டியிலேயே ஆட்டுப் பட்டிக்குள் விட்டுவிடுவார்கள். மூன்றாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் வரை யாரோடு வளர்கிறதோ, அவர்களே தன் இனம் என்று நாயின் மனதில் பதிகிற பருவம். வளர்ந்தபின் சீட்டா வந்தால் முன்னால் நின்று குரைக்கும், சீட்டா விலகிப் போய்விடும். ஆடு சாவது குறைந்தது, அதனால் விவசாயி சீட்டாவைச் சுடுவதும் குறைந்தது. ஒரு நாய் இரண்டு உயிரினங்களைக் காக்கிறது!

சரி, நம்மூருக்கு வருவோம். கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் முதன்முதலில் பதிவு செய்த மூன்று நாயினங்களில் இரண்டு நம்முடையவை, தெரியுமா? ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்! 2005இல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வெளியிட்டது. ஆனால் எல்லா நாட்டு நாயும் ஒன்றல்ல. சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிய ஓட்டக்கார வம்சம். அந்த வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆனால் ரத்தத்தில் இருக்கும் ஓட்டம் சட்டத்தோடு நின்றுவிடாதே! சுற்றுவேலி போட்ட ஏக்கர் கணக்கான இடமும் தினசரி ஓட்டமும் உள்ளவர்களுக்கே இவை சரி. இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கோழிக்குத்தான் ஆபத்து. தேனி மாவட்டத்துக் கோம்பையோ கட்டுமஸ்தான உடம்பு, கருத்த வாய், காவலில் கறார். வந்துபோகிறவர் அதிகமுள்ள வீட்டில் குட்டியிலிருந்தே மனிதர்களோடு பழக்க வேண்டும்.

ராஜபாளையத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அழகுதான்! ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருந்தால்தான் காது கேட்கும் என்பது தெரியுமா? அந்தச் செல்கள் உள்காதுக்குப் போய்ச் சேராவிட்டால், கேட்கும் உறுப்பு பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். அதனால்தான் முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருகிறது. ராஜபாளையத்திலும் இந்தக் குறை தெரிந்த ஒன்று. இதைக் கண்டுபிடிப்பதும் லேசல்ல. கூட்டமாக இருக்கும்போது உடன்பிறந்தவை எழுந்தால் செவிட்டுக் குட்டியும் எழுந்துவிடும், வாசல் கதவு அதிர்ந்தால் கால் வழியே உணர்ந்துவிடும். எனவே குட்டியைத் தனியாக எடுத்து, அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்திலிருந்து சத்தம் எழுப்பிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதிலும் தேறிவிடும். அதற்குக் கால்நடை மருத்துவமனைகள் சிலவற்றில் மூளையின் மின் அலையை அளக்கும் சோதனை உண்டு. ஒரு காது மட்டும் கேட்கும் நாய்க்குச் சத்தம் வந்த திசை தெரியாது. இரவுக் காவலுக்கு நிற்கும் நாய்க்கு அது சின்னக் குறையா?

முழு வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் மட்டுமே வேண்டும் என்று தேடித் தேடி இணை சேர்ப்பதும், வம்சம் கெடக்கூடாது என்று அண்ணன் தங்கையையே சேர்ப்பதும் இந்த இனத்துக்கு நாமே செய்யும் கேடு. குட்டி கேட்டுப் போகும்போது நிறத்தைக் கடைசியில் கேளுங்கள். முதலில், தாய் எங்கே, தகப்பன் எங்கே, இரண்டும் என்ன வேலை செய்கின்றன, இரண்டுக்கும் என்ன உறவு என்று கேளுங்கள். பயந்து ஒடுங்கும் தாயின் குட்டிக்குப் பயம் எளிதில் தொற்றும், ஆகவே தாய் அந்நியரை எப்படி எதிர்கொள்கிறது என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. இதில் சமரசமே கூடாது. தாயை விட்டு எட்டு வாரத்துக்கு முன் பிரித்துத் தருகிறவரிடமும், தாயைக் காட்ட மறுக்கிறவரிடமும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் குட்டி வாங்காதீர்கள்!