பழைய ஜீப்புக்குப் புதிய என்ஜின் பிளாக்: முடியுமா? கட்டுப்படியாகுமா?

இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளையும் பாலக்காட்டு நெல்லியாம்பதியையும் அறிந்த நம் வாசகர்களுக்கு ஜீப்பின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் நம் மக்களை விடியற்காலையில் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு ஏற்றிச் செல்வது ஜீப்தான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகவும் அதுவே கதி. இந்த ஜீப்புகளில் மிகப் பழையவை சில இன்னும் வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றின் என்ஜின் பிளாக் வெடித்துவிட்டால், அதே போன்ற ஒன்றைப் புதிதாக வார்த்துக்கொள்ள முடியுமா? என்ன செலவாகும்?

நான் கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவன். கோயமுத்தூர் பவுண்டரிகளில் முப்பது ஆண்டுகள் வார்ப்பட வேலை பார்த்துவிட்டு, இப்போது மும்பையில் மகனோடு இருக்கிறேன். சூரியநெல்லியில் இருக்கும் என் அத்தை மகன் சென்ற ஆண்டு தொலைபேசியில் அழைத்து, "மச்சான், அப்பாவின் ஜீப் பிளாக் விரிசல் விட்டுவிட்டது. அதையே திரும்ப வார்த்துக் கொடுக்க முடியுமா? செலவுக்குத் தோட்டத்தில் அரை ஏக்கரை விற்றுவிடுகிறேன்" என்றார். ஏல நிலத்தை விற்கும் பேச்சு வந்துவிட்டதால், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஊருக்குப் போனபோது கோயமுத்தூரில் இறங்கிப் பழைய நண்பர்களைக் கலந்துகொண்டு, உடுமலை, மறையூர், மூணாறு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தேன்.

முதலில் வண்டியின் வரலாறு. அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் ஜீப், இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்றது. அதை 1947 முதல் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியவர்கள் மகிந்திரா நிறுவனத்தார். போர்க்காலத்து என்ஜின் நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். சிலிண்டரின் விட்டம் 79.4 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 111.1 மில்லிமீட்டர். ஓட்டம் நீளமாக இருப்பதால் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல இழுவை கிடைக்கும், மலைக்கு ஏற்றது. பின்னர் வந்த 'ஹரிக்கேன்' என்ஜினில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டுக்குப் போயிற்று. எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் பழையபடி பிளாக்கிலேயே இருந்தது. மச்சானின் ஜீப்பில் இருப்பது இந்த இரண்டாவது வகை.

நோயின் மூலமும் இங்கேதான் இருக்கிறது. எரிந்த வாயு வெளியேறும் வழி பிளாக்குக்குள்ளேயே ஓடுவதால், வால்வு அமரும் இடத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலுள்ள இரும்பு மிகவும் சூடாகும். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கிறது என்று ஓடைத் தண்ணீரை அப்படியே ஊற்றினால், வார்ப்பிரும்பு தாங்காது. சட்டென்று விரிசல் விடும். மச்சானின் வண்டிக்கு நேர்ந்ததும் இதுவே.

இனி வார்ப்புக்கு வருவோம். "இரும்பைக் காய்ச்சி ஊற்றினால் ஆயிற்று" என்று பலரும் நினைக்கிறார்கள். ஏறக்குறைய 1400 டிகிரியில் இரும்பை ஊற்றுவது சில நிமிட வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவைதான் வேலை. பிளாக்கின் வெளி உருவத்துக்கு ஒரு பேட்டர்ன் வேண்டும். உள்ளே தண்ணீர் ஓடும் அறை, சிலிண்டர்கள், வாயு போகும் வழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் மணலால் செய்த கோர் வேண்டும். கோர் செய்யத் தனித்தனிப் பெட்டிகள் வேண்டும். ஒரு கோர் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும், ஒரு பக்கச் சுவர் தடித்து மறுபக்கம் மெலிந்து, அந்த வார்ப்பு மறுபடியும் உலைக்குத்தான் போகும்.

"பழைய பிளாக்கையே பேட்டர்னாக வைத்து மணலில் பதித்தால் என்ன?" என்று மச்சான் கேட்டார். வார்ப்பிரும்பு குளிரும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அரை மீட்டர் நீளத்தில் அது 5 மில்லிமீட்டர். அப்படி வார்த்த பிளாக்கில் சிலிண்டர்களின் இடைவெளி பழைய கிராங்க் ஷாஃப்டோடு பொருந்தாது. மேலும், பழைய பிளாக் ஏற்கெனவே கடைந்து முடிந்த பொருள். புதிய வார்ப்பில் கடைசலுக்கென்று விட வேண்டிய கூடுதல் இரும்பு அதில் இராது. ஆகவேதான் பேட்டர்ன் செய்பவர்கள், சுருக்கத்தைக் கணக்கிட்டுச் சற்றே நீட்டி அளவிட்ட தனி ஸ்கேலை வைத்திருக்கிறார்கள்.

வார்த்த பிறகும் வேலை உண்டு. உள் இறுக்கம் தீர 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி மெல்ல ஆற வைக்க வேண்டும். மூன்று மெயின் பேரிங்குகளும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி லைன் போரிங், பிறகு கேம் ஷாஃப்ட் துளை, சிலிண்டர் போரிங், ஹோனிங், கடைசியில் தண்ணீர் அழுத்தச் சோதனை.

செலவு எப்படி அமைகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இது விலைப்புள்ளி அன்று; விளங்கிக்கொள்ள வைத்த எண்கள். பேட்டர்னும் கோர் பெட்டிகளும் 6 லட்சம், கடைசலுக்கான பிடிப்பான்கள் 4 லட்சம், ஒவ்வொரு பிளாக்குக்கும் வார்ப்பு, கடைசல் கூலி 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு பிளாக் செய்தால் அதன் அடக்கம் 10.5 லட்சம். பத்து செய்தால் ஒன்று 1.5 லட்சம். ஐம்பது செய்தால் 70,000. முதலில் வரும் வார்ப்புகள் சில வீணாவதும் உண்டு. அந்தச் செலவு தனி. ஆக, இந்தத் தொழிலில் விலையைத் தீர்மானிப்பது எண்ணிக்கைதான்.

அமெரிக்காவில் பழைய 'மசில் கார்' எனப்படும் வேகக் கார்களுக்குப் புதிய பிளாக்குகள் கடையில் கிடைப்பதன் ரகசியமும் இதுவே. ஷெவர்லே நிறுவனம் 1955-இல் வெளியிட்ட சிறிய வி-8 என்ஜினின் வம்சத்தில் 2011-க்குள் 10 கோடி என்ஜின்கள் செய்யப்பட்டுவிட்டன. அத்தனை பெரிய சந்தை இருக்கும்போது பேட்டர்ன் செலவு எங்கே போயிற்று என்றே தெரியாது. ஒன்றே ஒன்று வேண்டுவோருக்கும் இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. 1914-ஆம் ஆண்டு டெலாஜ் பந்தயக் கார் ஒன்றின் பிளாக் பழுதானபோது, ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம், மர பேட்டர்ன் இல்லாமல், கணினி வரைபடத்திலிருந்து நேராக மணல் அச்சை அடுக்கடுக்காக அச்சிட்டுக் கொடுத்தது. அந்த முப்பரிமாண அச்சு முறை இந்தியாவுக்கும் வந்துவிட்டது. பேட்டர்ன் செலவு அதில் மிச்சம். ஆனால் அளவெடுத்து வரைவதும் கடைசல் வேலையும் அப்படியே இருக்கின்றன.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் என்ஜின் எண் பிளாக்கில் பொறித்த எண். பிளாக் மாறினால் போக்குவரத்து அலுவலகத்துக்கு முறையாகத் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். 2021-இல் வந்த மத்திய விதியின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். டீசல் என்ஜினை மாற்றிப் பூட்டிய ஜீப்புக்கு இந்தத் தகுதி கிடைப்பது கடினம். பழைய பெட்ரோல் என்ஜினைக் காப்பாற்ற இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னபின், நிலத்தை விற்க வேண்டாம் என்று மச்சானிடம் உறுதியாகச் சொன்னேன். விரிசல் நெடுகத் துளையிட்டு, ஒன்றையொன்று கவ்வும்படி திருகாணிகளை இறக்கித் தைக்கும் முறை ஒன்று உண்டு. வெல்டிங் சூடு இதில் இல்லை. கெட்ட சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டு, வால்வு அமரும் இடத்தில் புதிய வளையமும் இறக்கினார்கள். புதிய வார்ப்பின் செலவில் இது ஒரு சிறு பங்குதான். வண்டி இப்போது ஓடுகிறது. கடும் ஏற்றங்களுக்கு அதை அனுப்புவதில்லை.

அப்படியானால் புதிய பிளாக் கனவு வீண்தானா? இல்லை. ஒரே வகை ஜீப் வைத்திருப்பவர்கள் இருபது, முப்பது பேர் சேர்ந்தால் அது நடக்கக்கூடிய காரியமே. வாளையாரைத் தாண்டினால் கோயமுத்தூர். உலைக்கோ கடைசலுக்கோ அங்கே பஞ்சமில்லை. அருகி வருவது, ஒரு பழைய பிளாக்கைக் கையால் தடவிப் பார்த்தே உள்ளே கோர் எப்படி அமைந்திருக்கும் என்று சொல்லக்கூடிய மர பேட்டர்ன் ஆசாரிகள். நான் போய்ப் பார்த்த பட்டறையில் அவ்வளவு தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். வயது எழுபதைத் தாண்டியவர்.

மலையோரத்தில் உறவினர் உள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொட்டகையில் பழைய ஜீப் பிளாக் கிடந்தால், வெடித்ததாகவே இருந்தாலும், காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதை அறுத்துப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் சுவர்களின் கனத்தை அளந்து வரைபடம் போட முடியும். வரைபடம் ஒன்று கையில் இருந்துவிட்டால், பிளாக்கை இன்று வார்க்காவிட்டாலும் என்றாவது ஒருநாள் வார்த்துக்கொள்ளலாம்.