காப்தாய்: வயலை விழுங்கிய ஏரி

வங்கதேசத்தின் ரங்காமாட்டியில் உள்ள காப்தாய் ஏரியில் படகில் போகிறவர்கள் பார்க்கும் பச்சைத் தீவுகள் ஒரு காலத்தில் குன்றுகளின் தலைகள். குன்றுகளுக்கு நடுவே வயல் இருந்தது, சந்தை இருந்தது, சக்மா பழங்குடி அரசரின் அரண்மனையும் இருந்தது. எல்லாம் இப்போது அணைத் தண்ணீருக்கு அடியில்.

அணை எப்போது வந்தது?

இந்த ஏரி இருக்கும் சிட்டகாங் மலைப்பகுதி அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) இருந்தது. கர்ணபுலி ஆற்றின் குறுக்கே காப்தாயில், அமெரிக்க நிதியுதவியுடன் 1957-இல் வேலை தொடங்கி 1962-இல் முடிந்தது. சுமார் 670 மீட்டர் நீளமுள்ள மண் அணை. முதலில் 40 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு ஓடின; இன்று ஐந்து இயந்திரங்கள், மொத்தம் 230 மெகாவாட். வங்கதேசத்தின் ஒரே நீர்மின் நிலையம் இதுதான்.

மூழ்கியது எவ்வளவு?

சுமார் 54,000 ஏக்கர் விளைநிலம். கேட்பதற்குப் பெரிய கணக்காகத் தெரியாமல் போகலாம். ஆனால் மலை நாட்டில் ஏர் பூட்டி உழக்கூடிய சமநிலம் ஆற்றோரப் பள்ளத்தாக்குகளில்தான் கிடைக்கும். அணை நீர் முதலில் ஏறுவதும் அங்கேதான். மலைப்பகுதியின் விளைநிலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இப்படிப் போயிற்று. சுமார் 18,000 குடும்பங்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சக்மா மக்கள்.

இழப்பீடு கிடைக்கவில்லையா?

பட்டா இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் வெளியேறியவர்களில் சுமார் 8,000 குடும்பங்கள் ஜூம் விவசாயிகள். நம் மலைகளில் கொத்துக்காடு என்பார்களே, கிட்டத்தட்ட அதே முறை. சரிவில் காட்டை வெட்டி எரித்து, கத்தி முனையால் குழி பறித்து, நெல்லும் எள்ளும் பருத்தியும் பூசணியும் ஒன்றாகக் கலந்து போடுவார்கள். ஒவ்வொன்றும் அதனதன் பருவத்தில் அறுவடைக்கு வரும். பிறகு அந்தச் சரிவைக் காடு மீளும்வரை சும்மா விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். நிலம் ஊருக்குப் பொது. தனி ஆள் பெயரில் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாத நிலத்துக்கு அரசுக் கணக்கில் விலையும் இல்லை.

பழங்குடிகளை அகற்ற நேர்ந்தால் இழந்ததற்கு ஈடான தரத்தில் நிலம் தரவேண்டும் என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 107-ஆவது உடன்படிக்கை. பாகிஸ்தான் அதை ஏற்றது 1960-இல். அப்போது காப்தாயில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஈடான நிலம் வந்து சேரவில்லை. கொடுக்க வேறு சமநிலமும் மிச்சமில்லை. மாற்று இடமாகக் காட்டப்பட்ட பகுதிகளில் சிலவற்றைக்கூடப் பின்னர் ஏரி நீர் எட்டிப் பிடித்தது.

அதற்குப் பின்?

வயலிழந்தவர்கள் சரிவுகளில் ஏறினார்கள். ஏற்கெனவே ஜூம் செய்தவர்களோடு இவர்களும் சேர, காடு மீளக் காத்திருக்கும் காலம் சுருங்கியது. மண் இளைத்தது, விளைச்சலும் குறைந்தது.

பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி இந்தியா வந்தனர். சக்மாக்கள் அதை ‘பர் பரங்’, பெரும் பெயர்வு, என்கிறார்கள். அன்றைய மதக்கலவரங்களும் இதற்கு ஒரு காரணம். 1964 முதல் 1969 வரை சக்மா, ஹாஜோங் மக்கள் 14,888 பேரை இந்திய அரசு இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தியது. அங்கே உள்ளூர்ப் பழங்குடிகளுக்குத் தங்கள் நிலம் பறிபோகுமோ என்ற அச்சம், அதனால் எதிர்ப்பு. 1996-இல் உச்ச நீதிமன்றம் சக்மாக்களுக்குப் பாதுகாப்பு அளிக்க உத்தரவிட்டது. 2015-இல் குடியுரிமை வழங்கச் சொன்னது. சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை.

வங்கதேசத்தில் தங்கியவர்களிடையே மனக்கசப்பு அரசியலானது. அணையை எதிர்த்த மனபேந்திர நாராயண் லார்மா 1972-இல் மலை மக்களுக்கான கட்சியைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்த ஆயுதப் போராட்டம், 1997 டிசம்பரில் அமைதி உடன்பாடு கையெழுத்தாகும்வரை நீண்டது. சமவெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து மலையில் குடியேற்றியது பகையை முற்ற வைத்தது. ஆனால் பலருடைய முதல் காயம் காப்தாய்தான்.

இன்று?

கோடையில் ஏரி வற்றும்போது பழைய வயல்களின் மேட்டுப் பகுதிகள் வெளியே வரும். ‘ஜலே பாசா ஜமி’, நீரில் மிதக்கும் நிலம், என்று அதற்குப் பெயர். தண்ணீர் இறங்க இறங்க ஈரச் சேற்றில் நாற்று நடுவார்கள். நீர்மட்டம் சீக்கிரம் இறங்கினால் கதிர் முற்ற நேரம் கிடைக்கும். இறங்கத் தாமதமானாலோ, மழைக்கு முந்தி ஏறினாலோ, நெல் பச்சையாகவே மூழ்கும். நீரை எப்போது திறப்பது, எவ்வளவு தேக்குவது என்பதை முடிவு செய்வது மின்சாரத் தேவை. அறுபது ஆண்டுக்கு முன் மூழ்கிய அதே வயல், ஆண்டுதோறும் இன்னொரு முறை மூழ்குகிறது.