ப்ளூ பேட்ஜ் யாருக்குக் கிடைக்கும்?

"டொக்டர், எனக்குச் சுகர் இருக்குது. ப்ளூ பேட்ஜுக்கு ஒரு கடிதம் தாங்கோ." இங்கிலாந்தில் குறைபாடுள்ளவர்களுக்குத் தரும் கார் நிறுத்த அட்டைதான் ப்ளூ பேட்ஜ். நம்மவர்களிடமிருந்து இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டால் பக்கத்தில் இருக்கும் மகளின் முகத்தைப் பார்ப்பார்கள். உண்மையிலேயே நடக்க முடியாதவர்களோ, கால் விரல் கறுத்த பிறகுதான் வருகிறார்கள்.

தகுதி எது?

பேட்ஜைத் தருவது கவுன்சில். என் கடிதம் அல்ல. நோயின் பெயரை வைத்து அவர்கள் முடிவு செய்வதில்லை. பிப் (PIP) எனும் குறைபாட்டு உதவித்தொகையின் நடமாட்டக் கேள்வியில் 8 புள்ளிக்குக் குறையாமல் வாங்கியவர்களும், பார்வையற்றவர் என்று பதிவானவர்களும் நேரடியாகப் பெறலாம். மற்றவர்களைக் கவுன்சில் மதிப்பிடும். 2019 ஆகஸ்ட் 30 முதல் ஆட்டிசம், மறதிநோய் போன்ற வெளியே தெரியாத குறைபாடுள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். மாவுக்கட்டோடு வந்து கேட்காதீர்கள். குறைபாடு 3 ஆண்டுகளாவது நீடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கோயில் வாசல் கதைகள்

'அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் உதவித்தொகை வருகிறது, பேட்ஜும் தானாக வரும்.' வராது, தனியே விண்ணப்பிக்க வேண்டும். 'சொந்தக் கார் வேண்டும்.' வேண்டாம், பேட்ஜ் ஆளுக்குரியது, மகன் காரிலும் டாக்சியிலும் வைக்கலாம். 'அப்பாவின் பேட்ஜ்தானே?' அப்பா வீட்டில் இருக்க, அதை வைத்துக் கடைத்தெருவில் நிறுத்தினால் 1,000 பவுண்ட் வரை அபராதம். சக்கர நாற்காலியில் இருந்தால்தான் கிடைக்கும் என்பதும் பொய்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது மதிப்பீட்டு நாள் கூத்து. காலையில் இரண்டு வலி மாத்திரையை விழுங்கி, நல்ல சேலை கட்டி, அதிகாரி முன் நிமிர்ந்து நடப்பது. "நோகுதா?" என்றால் "இல்லை, சுகம்." அவர் கண்டதைத்தானே எழுதுவார்? கஷ்டமான நாளில் எத்தனை அடியில் நிற்கிறீர்கள், எவ்வளவு நேரம் இளைப்பாறுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மாத்திரையும் சுடுநீரும்

பேட்ஜ் இருக்கட்டும், கால் வலிக்கு யாரோ கொடுத்த புரூபன் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்தவர்கள் எத்தனை பேர்! சர்க்கரையால் மரத்த பாதத்தைச் சுடுநீரில் வைத்துக் கொப்புளத்தோடு வருபவர்கள் வேறு. சூடு தெரியாத காலுக்கு எதற்கு ஒத்தடம்? கொஞ்சம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி, நின்றதும் விடுகிறதா? ரத்தக் குழாய் அடைபடுகிறது. எண்ணெய் தேய்த்தால் திறக்காது. கணுக்கால் ரத்த அழுத்தத்தை அளந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காலைக் காப்பாற்றுங்கள்

பேட்ஜ் 3 ஆண்டு வரை செல்லும். அதற்குள் காலை இழந்துவிடாதீர்கள். தயவுசெய்து இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிகரெட்டை விடுங்கள் அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன். விரல் நிறம் மாறினால் வெள்ளிக்கிழமைப் பூசை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே வாருங்கள்.