பொதிகை நம்ம மலை... ஏறணும்னா ஏன் கேரளா போகணும்?

சுரண்டையில் யாரிடமாவது "பொதிகை மலை எது?" என்று கேட்டால், கை தானாக மேற்கே நீளும். ரயிலுக்கும் அதே பெயர், டிவி சேனலுக்கும் பல வருடம் அதே பெயர். ஆனால் அந்த மலை உச்சிக்குப் போக இன்று தமிழ்நாட்டுப் பக்கம் வழி கிடையாது. ஏன்?

எது பொதிகை?

பேச்சுவழக்கில் குற்றால மலையையும் சேர்த்தே பொதிகை என்கிறோம். உண்மையான சிகரம் அதற்குத் தெற்கே, நெல்லை மாவட்டமும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. அகத்தியமலை என்பதும் இதுதான். உயரம் 1,868 மீட்டர். எவரெஸ்ட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனாலும் ஏறுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அடர்ந்த காடு, யானை, அட்டை எல்லாம் தாண்டினால், கடைசியில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய வழுக்குப் பாறைகள்.

முதலில் ஏறியது யார்?

பெயர் தெரியாது. இந்தக் காட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் காணி பழங்குடியினர். அவர்களுக்கு அகத்தியர் தெய்வம்.

1850-களில் ஓர் ஆச்சரியம் நடந்தது. திருவனந்தபுரம் வானாய்வுக்கூட இயக்குநராக இருந்த ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் ஆலன் பிரௌன், இந்த மலை மேலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். கீழே எடுக்கும் வானிலை, காந்தப்புல அளவுகளை மேலே எடுப்பவற்றோடு ஒப்பிடுவதுதான் நோக்கம். ரோடே இல்லாத காலத்தில் கருவிகளை எல்லாம் ஆட்கள் மேலே கொண்டு சேர்த்தார்கள்.

இரண்டு பாதைகள்

தமிழ்நாட்டுப் பாதை: பாபநாசத்துக்கு மேலே காரையாறு அணை, பாணதீர்த்தம், கண்ணிக்கட்டி வழியாக மேலே போகும். பக்தர்கள் ஒரு காலத்தில் நடந்த வழி. இப்போது அனுமதி இல்லை. காரணம், இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உட்பகுதி. தாமிரபரணி பிறப்பதும் இந்த மலையில்தான். நெல்லை, தூத்துக்குடி வயலுக்கும் குடத்துக்கும் வரும் தண்ணீர் அது.

கேரளப் பாதை: விதுரா அருகே போனக்காட்டில் தொடங்கும். முதல் நாள் 15 கி.மீ.க்கு மேல் நடந்து அதிருமலை முகாமில் தங்கல். மறுநாள் உச்சிக்குப் போய் முகாமுக்குத் திரும்ப வேண்டும். மூன்றாம் நாள் கீழே இறங்கலாம். சுரண்டையிலிருந்து சிகரம் நேர்கோட்டில் சுமார் 45 கி.மீ.தான். ஆனால் போனக்காடு போய்ச் சேர செங்கோட்டை, ஆரியங்காவு, பாலோடு வழியாக 100 கி.மீ.க்கு மேல் சுற்ற வேண்டும்.

பெண்களுக்கு எப்போது அனுமதி?

இந்தப் பாதையிலும் பல வருடம் பெண்களை உச்சி வரை விடவில்லை. காணி மக்களின் நம்பிக்கையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பாலினத்தை வைத்து யாரையும் தடுக்கக் கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில், பாதுகாப்புத் துறை செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல் உச்சியைத் தொட்டார். தீர்ப்புக்குப் பிறகு அங்கே ஏறிய முதல் பெண் அவர்தான். காணி மக்கள் எதிர்ப்பு தெரிவித்தார்கள். ஆனால் வழியை மறிக்கவில்லை.

போகணும்னா என்ன செய்யணும்?

முக்கிய சீசன் ஜனவரி முதல் மார்ச் வரை. கேரள வனத்துறை ஆன்லைனில் புக்கிங் திறக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். மருத்துவச் சான்றும் கேட்கிறார்கள். பிளாஸ்டிக், மது கூடாது. வழிகாட்டி சொல்வதை மீறிப் பாதையை விட்டு விலகக் கூடாது.

நம்ம பக்கப் பாதையையும் திறக்கலாமே என்ற ஏக்கம் தென்காசி, நெல்லைக்காரர்களுக்கு இருப்பது நியாயம். ஆனால் அந்தக் காடு மூடிக் கிடப்பதால் கிடைக்கும் பலனும் ஆற்று வழியாக இதே ஊர்களுக்குத்தான் வந்து சேருகிறது.