ஜாவாக்ஸ் – ஜகார்த்தா பெயர் மாற்றம்

ஜாவாக்ஸ் – ஜகார்த்தா பெயர் மாற்றம் என்பது ஜாவா இஇ நிரலகங்களின் பொதிப் பெயர்கள் மாறியதைக் குறிக்கும். ஆரக்கிள் நிறுவனம் ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு வழங்குவதாக 2017 இல் அறிவித்தது. ஜாவா வணிகக்குறி ஆரக்கிளிடமே இருந்ததால், 2018 இல் அது ஜகார்த்தா இஇ எனப் பெயர் பெற்றது. 2020 இல் வெளியான 9 ஆம் பதிப்பில், அதன் பொதிப் பெயர்களிலிருந்த "ஜாவாக்ஸ்" என்னும் முன்னொட்டு "ஜகார்த்தா" என மாற்றப்பட்டது.

பழைய நிரலில் எல்லா ஜாவாக்ஸ் பெயர்களையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது. சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ் போன்றவை மாறின. ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல், ஜாவாக்ஸ்.கிரிப்டோ ஆகியவை ஜாவா எஸ்இ-யைச் சேர்ந்தவை என்பதால் மாறவில்லை. அவற்றை மாற்றினால் கம்பைலர் பிழை காட்டும். டாம்கேட் 9 பழைய பெயர்களையும் டாம்கேட் 10 புதிய பெயர்களையும் பயன்படுத்துகின்றன. எனவே நிரல், வழங்கி, சார்பு நிரலகங்கள் மூன்றையும் ஒருசேர மாற்ற வேண்டும்.