வடக்கே ஒரு குடித்தனம் – 6: உப்புக்காற்றைத் தாங்கும் கட்டில்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் கிளம்பி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வடசென்னையின் எர்ணாவூர், திருவொற்றியூர் வீடுகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் கறுப்புக் கறை நின்றது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வீணாயின. மெத்தைகள் தெருவுக்கு வந்தன.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை புதுக்குடித்தனம் போடுகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் பொருள் எதனால் ஆனது என்று கேட்க வேண்டியது இதனால்தான். தவணைக்குக் கிடைக்கும் பளபளப்பான அலமாரிகள் பல, மரத்தூளைப் பசையோடு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. தண்ணீரில் நின்றால் உப்பிவிடும். உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது. அலமாரி குப்பைக்குப் போன பின்னும் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளும் பாலட்டுகளும் பெரும்பாலும் பைன் மரம். சரக்கு இறங்கியபின் இந்த பேக்கிங் கட்டைகள் விலைக்கு வரும். ஆணி பிடுங்கி, இழைத்து, வார்னிஷ் அடித்தால் கட்டிலும் ஷெல்ஃபும் தயார். ஆனால் கட்டையில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையைத் தேடிப் பார்த்தே வாங்க வேண்டும். அதில் எச்.டி. என்றிருந்தால், பூச்சி ஒழிய மரத்தின் உள்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு செலுத்தியது. குழந்தை படுக்கும் கட்டிலுக்கு அது வேண்டவே வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறை படிந்த கட்டையையும் ஒதுக்குவது நல்லது. பைன் மென்மையான மரம், கரையான் எளிதில் பிடிக்கும்; கால்களைச் சுவரோடு ஒட்டாமல் வைக்க வேண்டும். அடியில் பெட்டி வைத்த கட்டிலைவிட உயரக் கால் கட்டிலே இங்கே உகந்தது, வெள்ளம் வந்தால் அடியில் இருக்கும் சாமானைச் சட்டென்று எடுத்துப் பரணுக்கு ஏற்றிவிடலாம்.

பிளைவுட் வாங்குவதென்றால் முத்திரையில் ஐ.எஸ். 710 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளை. வீடு முழுக்க அதையே போடக் கையில் காசு இருக்காது. சமையல் மேடைக்குக் கீழே மட்டும் போட்டாலே போதும்.

கடற்காற்றில் இரும்பு பீரோவுக்குக் கால்தான் முதலில் துருப்பிடிக்கும். பழைய பீரோ கிடைத்தால் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு பூசி, மேலே எனாமல் அடித்து, கட்டைமேல் தூக்கி வைத்தால் பல வருடம் உழைக்கும்.

சிலவற்றை வாங்கவே வேண்டியதில்லை. தமிழக அரசு 2006-ல் தொடங்கிய இலவச டிவி திட்டமும், 2011-ல் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் பெருவாரியான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவை. அம்மா வீட்டில் கிரைண்டர் சும்மா கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்வதில் கூச்சம் எதற்கு? மிச்சமாகும் பணத்தில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போய் அடிக்கடி துவைக்கத் தாங்கும் பருத்தித் திரைச்சீலை வாங்கலாம். எண்ணூர்ப் பக்கம் சாம்பலும் நிலக்கரித் தூசும் பறப்பதால் வெள்ளை நிறம் மட்டும் வேண்டாம்.

(தொடரும்)